மான்செஸ்டர் உச்சரிப்பும் கிளாஸ்கோ கேலியும்: என்ன செய்யலாம்?

இங்கிலாந்தின் மான்செஸ்டரிலிருந்து ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவுக்குக் குடிவந்து ஐந்து மாதம் ஆகிறது. பன்னிரண்டு வயது மகள் வாயைத் திறந்தாலே வகுப்பில் "இங்கிலாந்துக்காரி" என்று பழித்துக் காட்டுகிறார்களாம்.

இங்கிலாந்து வென்ற 1966 கால்பந்து உலகக் கோப்பையை வைத்துக் கிண்டல் செய்தால் சிரித்துவிடலாம். லண்டன் கடையொன்றில் ஸ்காட்லாந்து வங்கி வெளியிட்ட என் பவுண்டு நோட்டைக் கள்ளநோட்டுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது எனக்கே சுருக்கென்றது; ஸ்காட்லாந்துக்காரர்களுடைய ஆற்றாமை புரிகிறது. அதற்காக 1314இல் பானக்பர்னில் இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் நடந்த போருக்கும் என் மகளா பொறுப்பு? (எங்கள் பூர்விகம் தஞ்சாவூர்!)

நேற்று பேக்கரியில் வேண்டியதைச் சொல்லாமல் விரலால் காட்டினாள். அதுதான் மனத்தை அறுக்கிறது.

பாகுபாட்டைத் தடுக்கும் பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டத்தில் தேசியப் பூர்விகமும் அடங்கும். ஆனாலும் எடுத்த எடுப்பில் சட்டம் பேச விருப்பமில்லை. வகுப்பாசிரியரிடம் பேச்சை எப்படித் தொடங்குவது? ஸ்காட்லாந்தில் பிள்ளை வளர்த்தவர்கள் சொல்லுங்களேன்.