திவி தீவுக் கம்பத்தில் மண் வண்ணம் உதிர்கிறது, உதவி தேவை

ஆஸ்திரேலியாவின் டார்வினில் இருக்கிறேன். இங்கே வடக்கே உள்ள திவி தீவுகளில் ஒன்றான மெல்வில் தீவின் மிலிக்கபிட்டி ஊரில் செதுக்கிய சிறிய துத்தினி கம்பம் ஒன்று வீட்டில் இருக்கிறது. அந்தத் தீவுகளின் பூர்வகுடிகளான திவி மக்கள் புக்குமானி என்ற ஈமச் சடங்கில் கல்லறையைச் சுற்றி நடும் கம்பத்தின் வடிவம். இது விற்பனைக்கென்றே செய்தது. இரும்பு மரம் என்ற கடின வகை மரம், இரண்டடி உயரம், 2016-இல் வாங்கியது.

போன மழைக்காலத்திலிருந்து வெள்ளை மண் பொடியாக உதிர்கிறது, தொட்டால் விரலில் ஒட்டுகிறது. மஞ்சள், சிவப்பு, கரி எல்லாம் அப்படியே இருக்கின்றன. மரச் சீப்பால் வரிசையாக ஒற்றிய புள்ளிகள்தான் முதலில் போகின்றன. பார்க்கவே மனசு கேட்கவில்லை.

ஏசி காற்று படாத இடத்துக்கு மாற்றினேன். அப்புறம் கண்ணாடிப் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வைத்தேன். நிற்கவில்லை. வார்னிஷ் அடிக்கச் சொன்னார்கள். பளபளப்பு வந்துவிடும் என்பதால் அடிக்கவில்லை.

மண்ணின் மங்கல் நிறம் மாறாமல் உதிர்வதை மட்டும் நிறுத்த எந்தப் பசை சரிவரும்?