புதுப்பிப்பு: கசநோய் மருந்தும் அம்மாவின் சலப்பையும்

உதவிய எல்லாருக்கும் நன்றி. தைரொயிட் குறைவுள்ள அம்மாவுக்குக் கசநோய் மருந்து தொடங்கிய பிறகு சலம் முழுதாகப் போகவில்லை என்று கேட்டிருந்தேன். "கசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் எடுப்பதால் டிஎஸ்எச் (தைரொயிட் இரத்தச் சோதனை) பாருங்கள்" என்று ஓர் அக்கா சொன்னதுதான் சரி. கிளிநொச்சியில் சோதித்தோம், டிஎஸ்எச் நன்றாக ஏறியிருந்தது, அதாவது தைரொயிட் ஓமோன் போதவில்லை. ரிஃபாம்பிசின் ஈரலைத் தூண்டி, அம்மா குளிசையாக எடுக்கும் தைரொயிட் ஓமோனான தைரொக்சினை வேகமாகக் கழித்துவிடுமாம். ஓமோன் குறைந்தால் சலப்பைத் தசையும் சோர்ந்துபோகலாமாம். டொக்டர் தைரொக்சினை 75இலிருந்து 100 மைக்ரோகிராமாகக் கூட்டினார். இரவில் நாலு தரம் டோர்ச்சோடு முற்றம் கடந்த அம்மா, 6 வாரத்துக்குப் பிறகு ஒருதரம்தான் எழும்புகிறார்.

செம்மஞ்சள் சலத்தைக் கண்டு இரத்தமென்று பதறிவிட்டேன். அது ரிஃபாம்பிசினின் நிறம். கசநோய்க் குளிசையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். அது முடிந்ததும் தைரொக்சினைத் திரும்பக் குறைக்க வேண்டிவரும், அப்போதும் டிஎஸ்எச் பார்க்கும்படி டொக்டர் சொன்னார்.