லேசருக்கு முதல் விறைப்புக் கிறீம்: எவ்வளவு பூசலாம், எவ்வளவு நேரம் விடலாம்?

சாவகச்சேரி_மல்லிகை:
எல்லாருக்கும் வணக்கம். வாற கிழமை யாழ்ப்பாணம் ரவுனில ஒரு கிளினிக்கில முடி அகற்றுற லேசர் தொடங்கப் போறன். மேலுதடு, நாடி, ரெண்டு கமக்கட்டு, முழங்காலுக்குக் கீழ ரெண்டு காலும். எல்லாத்தையும் ஒரே நாளில செய்யலாம் எண்டவை. எங்கட நிறத்துக்கு என்.டி.யாக் மெசின்தான் பொருத்தமாம், ஆனா நல்லா நோகுமாம்.

கனடாவில இருந்து சித்தி விறைப்புக் கிறீம் ஒண்டு குடுத்துவிட்டவ. லிடோகேயின் 10% எண்டும் பச்சை குத்துறதுக்கு எண்டும் ரியூபில போட்டிருக்கு. வீட்டிலயே எல்லா இடத்திலயும் பூசி, லஞ்ச் ஷீட்டால சுத்திக்கொண்டு பஸ்ஸில போனா, போய் இறங்க நேரம் சரியா இருக்கும் எண்டு யோசிக்கிறன். இது சரியோ? எவ்வளவு பூச வேணும்? விசயம் தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

பாமசி_மேசை:
தங்கச்சி, அந்த 10% ரியூபை எடுத்து ஒரு பக்கம் வையுங்கோ. காலுக்கு எந்த விறைப்புக் கிறீமும் வேண்டாம். லஞ்ச் ஷீட்டைச் சுத்திக்கொண்டு பஸ்ஸில போறதும் வேண்டாம். காரணத்தைக் கணக்காகவே சொல்லுறன்.

வைத்தியர்கள் வழமையாக எழுதுறது லிடோகேயின் 2.5%, பிரிலோகேயின் 2.5% சேர்ந்த கிறீம். எம்லா எண்டால் எல்லாருக்கும் தெரியும். ஒரு கிராமில ரெண்டு மருந்தும் 25 மில்லிகிராம் வீதம் இருக்கும். சவரம் செய்த பெரிய பரப்பில வளர்ந்த ஒருவர் பூசக்கூடிய உச்ச அளவு 60 கிராம், உச்சப் பரப்பு 600 சதுர சென்ரிமீற்றர், ஆகக் குறைஞ்சது ஒரு மணித்தியாலம், ஆகக் கூடினது 5 மணித்தியாலம். இந்த எல்லை ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனி இல்லை, அண்டைக்கு உடம்பில பூசுற எல்லாத்தையும் கூட்டித்தான்.

விரல்களையும் சேர்த்து உங்கட உள்ளங்கைப் பரப்பு ஏறத்தாழ 150 சதுர சென்ரிமீற்றர் வரும். அப்ப 600 எண்டது நாலு கை. முழங்காலுக்குக் கீழ ரெண்டு காலையும் சுத்தி மூட 14 கை அளவு வேணும், கிட்டத்தட்ட 2100 சதுர சென்ரிமீற்றர். பத்துச் சதுர சென்ரிமீற்றருக்கு ஒரு கிராம் எண்டு போட்டால் 210 கிராம் கிறீம். அதுவும் 10% எண்டால் 21 கிராம் லிடோகேயின் தோலில இருக்கும். 60 கிராம் எம்லாவில இருக்கிற லிடோகேயின் 1.5 கிராம் மட்டும்தான். அதுக்கு மேல பொலித்தீனையும் சுத்தி, வெயிலுக்குள்ள சூடான பஸ்ஸில இருந்தால் தோலின்ர இரத்தக் குழாய்கள் விரிஞ்சு மருந்து இன்னும் வேகமாக உள்ளே போகும்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. லேசர் முடி அகற்றலுக்காகக் கூடின செறிவுள்ள கிறீமைக் காலில பூசிப் பொலித்தீனால சுத்தின ரெண்டு இளம் பெண்கள், 22, 25 வயது, இறந்துபோனதை எடுத்துக்காட்டி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2007இல எச்சரிக்கை விட்டது. 2024 மார்ச்சில, வைத்தியர் துண்டு இல்லாமல் விக்கிற கிறீம்களில லிடோகேயின் 4% இக்கு மேல இருந்தால் வாங்கவேண்டாம், பூசின இடத்தைச் சுத்தவும் வேண்டாம் எண்டு திரும்பவும் சொன்னது. கனடாவில இருந்து வந்தது எண்டதுக்காக அங்கத்தைய பாமசியில வாங்கினது எண்டு நினைக்கவேண்டாம்; பச்சை குத்துற கிறீம்களில கனக்க இணையத்தில விக்கிற சாமான்.

மேலுதடு, நாடி, கமக்கட்டு மட்டும் எண்டால் கணக்கு சுகம். ஒரு கமக்கட்டு ஏறத்தாழ 100 சதுர சென்ரிமீற்றர், அதுக்கு 10 கிராம். ரெண்டுக்கும் 20. நாடியும் மேலுதடும் சேர்ந்து 50, 60 வரும், அதுக்கு 6 கிராம். மொத்தம் 26. ஒரு 30 கிராம் ரியூப் போதும். தராசு தேவையில்லை: அந்த ரியூபில இருந்து பிதுக்கினால் 3.5 சென்ரிமீற்றர் நீளம் கிட்டத்தட்ட ஒரு கிராம். பரவினால் ஒரு மில்லிமீற்றர் தடிப்பில வெள்ளையாக நிக்கவேணும். முகக் கிறீம் மாதிரித் தேய்ச்சு மறைச்சால் விறைக்காது. பூசியும் நொந்தது எண்டு சொல்லுற ஆக்களில கனபேர் செய்யிறது இதுதான்.

லேசர்_அறை:
மேல சொன்ன அளவெல்லாம் சரி. மெசின் பக்கத்தால சில விசயம்.

முதல் நாள் பரீட்சைச் சூட்டை, அதாவது சின்ன இடத்தில லேசரை அடிச்சுப் பார்க்கிறதை, கிறீம் பூசாத தோலில வைக்கச் சொல்லுங்கோ. எங்கட தோலில நிறமி கூட. லேசர் முடியின்ர நிறமியைத் தேடிப் போகேக்க தோலின்ர நிறமியும் கொஞ்சம் சூடாகும். 1064 நானோமீற்றர் என்.டி.யாக்கை நிறமி குறைவாக உறிஞ்சுறதாலதான் அது எங்களுக்குப் பாதுகாப்பு. ஆனால் ஆழமாகப் போறதால, குடுக்க வேண்டிய சக்தியும் கூட இருக்கிறதால, நோவும் கூட. அந்த நோவில ரெண்டு வகை இருக்கு. ரப்பர் பாண்டால அடிச்ச மாதிரிச் சுள்ளெண்டு வந்து உடன போறது சாதாரணம். அடிச்ச பிறகும் எரிஞ்சுகொண்டே இருந்தால் சக்தி கூடிப்போச்சு, அல்லது குளிர்த்துற முனை சரியாகத் தொடேல்லை. முழுக்க விறைச்ச ஆளுக்கு இந்த ரெண்டாவது நோ தெரியாது, இயக்கிற ஆளுக்கும் தெரியவராது. பேந்து கொப்புளமும் கறுப்புத் தழும்பும்தான் சொல்லும்.

இன்னொண்டு, எம்லா முதலில இரத்தக் குழாயைச் சுருக்கித் தோலை வெளிறப் பண்ணும், எடுத்த பிறகு சிவக்கப் பண்ணும். சூட்டுக்குப் பிறகு முடிக்குழியைச் சுத்தி வாற சிவப்பையும் சின்ன வீக்கத்தையும் பார்த்துத்தான் அளவு சரியோ எண்டு முடிவெடுக்கிறது. கிறீம் பூசின இடத்தில சிவப்பை நம்ப ஏலாது, வீக்கத்தைத்தான் பார்க்கவேணும்.

நேரம் பிடிக்கிறது இப்படி. சவரம் முதல் நாள் பின்னேரம். அண்டைக்கே செய்தால் கண்ணுக்குத் தெரியாத கீறலுக்கால மருந்து கூட இறங்கும், எரியும். வாக்சும் நூல் போடுறதும் 4 தொடக்கம் 6 கிழமைக்கு முதலே நிப்பாட்டியிருக்க வேணும், வேரோட போன முடியில லேசருக்கு வேலை இல்லை. கிளினிக்குக்குப் போய், விசிறிக்குக் கீழ இருந்து, கமக்கட்டுக்கு முதல் பூசுங்கோ. அரை மணித்தியாலம் கழிச்சு முகத்துக்கு. முகத்தில இரத்த ஓட்டம் கூட, 30 நிமிடம் காணும், கமக்கட்டுக்கு 60. அதுக்குப் பிறகு ரெண்டையும் ஒண்டாக எடுக்கலாம். சூட்டை முகத்தில தொடங்குங்கோ, அங்க விறைப்பு கெதியாகப் போயிடும். கமக்கட்டில ஒண்டு, ரெண்டு மணித்தியாலம் நிக்கும்.

எடுக்கேக்க முதல் காய்ஞ்ச கோஸ் துணியால வழிச்சு, பிறகு ஈரத்துணியால ரெண்டு தரம், பிறகு நல்லாக் காய விடவேணும். வெள்ளைப் படலம் மிஞ்சினால் ஒளியைச் சிதறடிக்கும், முனையில ஒட்டிக் கருகும். ஸ்பிரிட்டால துடைச்சால் அது முழுக்க ஆவியாகும் வரை சுடக்கூடாது, தீப்பிடிக்கும். கஸ்தூரி மஞ்சள், சந்தனம், பவுடர் எல்லாத்தையும் அண்டைக்குத் தவிருங்கோ. நல்லூர்த் திருவிழா வெயிலில நிண்டு கறுத்திருந்தாலும் ஒரு மாதம் தள்ளிப் போடுறதுதான் புத்தி.

கொக்குவில்_வடக்கு:
முகத்துக்குக் கூடக் கிறீம் தேவையோ? மேலுதடு முழுக்கச் சுட ஒரு நிமிடம்தான் எடுக்கும். துணியில சுத்தின ஐஸை முப்பது விநாடி வைச்சிட்டுச் சுட்டால் கனபேர் தாங்குவினம். மேலுதட்டுக் கிறீம் நாக்கில பட்டால் வாயும் விறைக்கும். விறைச்ச வாயோட சுடச்சுடப் பிளேன்ரீ குடிச்சால் லேசரில வராத கொப்புளம் தேத்தண்ணியில வரும். கண்ணுக்குக் கிட்டப் பூசவே கூடாது. அந்தக் கிறீம் காரத்தன்மை, கண்மணியைப் புண்ணாக்கும். கண் விறைச்சிருந்தால் புண் ஆகிறதும் தெரியாது.

லேசர்_அறை:
@கொக்குவில்_வடக்கு, மேலுதட்டுக்கு ஐஸ் காணும் எண்டதில எனக்கும் உடன்பாடு. நாடியில அடர்த்தியான முடி எண்டால் அப்படிச் சொல்லமாட்டன். சினைப்பைக் கட்டிப் பிரச்சினையால (பி.சி.ஓ.எஸ்.) நாடியில முடி கூடின ஆக்களுக்கு அந்த இடம்தான் கூட நோகும். காலுக்கு ஐஸ் பொதி, குளிர்காத்து, குளிர்த்துற முனை. கணுக்காலும் முன்னெலும்பும் கூடச் சுள்ளெண்டும், அந்த இடத்தில இடைவெளி விட்டுச் சுடச் சொல்லிக் கேக்கலாம். ஒரு நாளில ரெண்டு காலும் கட்டாயம் இல்லை. முடி குறையக் குறைய நோவும் குறையும், முதல் ரெண்டு மூண்டு தரம்தான் கஷ்டம்.

சாவகச்சேரி_மல்லிகை:
கன நன்றி. காலுக்குக் கிறீம் இல்லை எண்டு முடிவெடுத்திட்டன். ஒரு கேள்வி மட்டும். சலக்கிருமிக்கு நைற்றோபியூரன்ரொயின் குளிசை குடிச்சுக்கொண்டிருக்கிறன். அதுக்கும் கிறீமுக்கும் ஏதும் பிரச்சினையோ? நோவுக்குப் பரசிற்றமோல் போடலாமோ?

பாமசி_மேசை:
இதைக் கேட்டது நல்லது, தங்கச்சி. பிரச்சினை இருக்கு.

பிரிலோகேயின் உடம்பில உடையேக்க வாற ஒரு பொருள், இரத்தத்தில ஒட்சிசன் காவுற ஈமோகுளோபினை மெத்ஈமோகுளோபினாக மாத்தும். அது ஒட்சிசனைக் காவாது. நைற்றோபியூரன்ரொயின், சல்பா மருந்துகள், தொழுநோய்க்குக் குடுக்கிற டப்சோன், வலிப்புக்குக் குடுக்கிற பெனிற்றோயின், பீனோபாபிற்றல் எல்லாம் அதே பக்கம் தள்ளுற மருந்துகள். ஜி6பிடி நொதியக் குறைபாடு உள்ளவைக்கும் ஆபத்துக் கூட. அதால குளிசை முடிஞ்ச பிறகு லேசருக்கு நாள் எடுங்கோ. அல்லது பிரிலோகேயின் இல்லாத 4% லிடோகேயின் கிறீமை நாடியில மட்டும், சுத்தாமல், 30 நிமிடம் பூசலாமோ எண்டு குளிசை எழுதின வைத்தியரிட்டக் கேளுங்கோ. இதயத் துடிப்புச் சீராக்கிற மருந்து குடிக்கிறவை, ஈரல் நோய் உள்ளவை, கர்ப்பிணிகள், தோலில எக்சிமா அல்லது புண் இருக்கிறவை இங்க வாசிச்சதை வைச்சு முடிவெடுக்கக் கூடாது.

பரசிற்றமோல் போடலாம். 50 கிலோவுக்கு மேல, ஈரல் வருத்தம் இல்லாத ஆள் எண்டால் 500 மில்லிகிராம் குளிசை ரெண்டு, ஒரு மணித்தியாலத்துக்கு முதல். தடிமன் குளிசையிலும் பரசிற்றமோல் இருக்கும், ரெண்டையும் சேர்க்கவேண்டாம்.

கிறீம் பூசினபிறகு வாயைச் சுத்தி விறைப்பு, நாக்கில இரும்புச் சுவை, காதில இரைச்சல், தலைச்சுத்து, கதைக்கேக்க நாக்குக் குழறல் வந்தால் லிடோகேயின் கூடிப்போச்சு எண்டு எடுக்கவேணும். அடுத்தது வலிப்பும் இதயத் துடிப்புக் குழப்பமும். உதடும் நகமும் நீலம் அல்லது சாம்பல் நிறமாகி, மூச்சு வாங்கினால் மெத்ஈமோகுளோபின். விரலில போடுற ஒட்சிசன் மீற்றர் 85 கிட்டவே நிக்கும், ஒட்சிசன் குடுத்தாலும் ஏறாது. எது வந்தாலும் கிறீமை உடன துடைச்சுக் கழுவி, 1990இக்கு அடியுங்கோ. கிட்டடி எண்டால் நேர யாழ் போதனா வைத்தியசாலை அவசரப் பிரிவு. ரியூபையும் கையோட கொண்டுபோங்கோ. அதில போட்டிருக்கிற பேரும் வீதமும் தெரிஞ்சால்தான் வைத்தியருக்கு எந்த மருந்துக்கு எதிராக வேலை செய்யிறது எண்டு விளங்கும். ஜி6பிடி குறைபாடு தெரிஞ்சிருந்தால் அதையும் சொல்லுங்கோ, மெத்ஈமோகுளோபினுக்குக் குடுக்கிற மெதிலீன் புளூ அவைக்கு ஒத்துவராது.

லேசர்_அறை:
குளிசையைப் பற்றிக் கிளினிக்குக்கும் சொல்லுங்கோ. வெயில் பட்டால் தோல் எரியப்பண்ணுற மருந்துகள் சிலது இருக்கு, பருவுக்குக் குடுக்கிற டொக்சிசைக்கிளின் மாதிரி. அதால எந்த மருந்து எண்டாலும் முதல் பதிவிலேயே எழுதுவிக்க வேணும். நாள் மாத்திறது பிரச்சினை இல்லை. அதுவரை ரேசர் மட்டும் பாவியுங்கோ, நூல் போடவேண்டாம்.