ஆர்எக்ஸ் 100 வயரிங்குக்கு வண்ணப் படம் போட வேண்டும். கூடவே பிரேக் பிடித்தால் மீட்டர் லைட் எரிகிறது

கோத்தகிரி டூஸ்ட்ரோக்

வணக்கம். வண்டி யமஹா ஆர்எக்ஸ் 100, 1993 மாடல். பல கை பட்ட வயரிங். ஹெட்லைட் டூமைத் திறந்தால் பாதி ஒட்டு, பாதி டேப். கையில் இருப்பது சர்வீஸ் கையேட்டின் கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ். கோடுகள் பின்னிக் கிடக்கின்றன, வயர் நிறத்தைச் சொல்லும் குறியெழுத்துகளில் பல அழிந்துவிட்டன. இதை ஏ3 தாளில், ஒவ்வொரு வயரும் அதனதன் நிறத்தில் தெரியும்படி வரைய வேண்டும். எந்த மென்பொருள், எங்கிருந்து தொடங்குவது? இரட்டை நிற வயரை எப்படிக் காட்டுவது?

கூடவே ஒரு கோளாறு. சாவி ஆன், லைட் சுவிட்ச் ஆஃப். பின் பிரேக்கை மிதித்தால் மீட்டர் லைட் மங்கலாக எரிகிறது, நான்கு இண்டிகேட்டரும் லேசாக மினுங்குகின்றன. பிரேக் லைட்டில் வெளிச்சமே இல்லை. பேட்டரி புதிது, 12.6 வோல்ட் காட்டுகிறது.

குன்னூர் பட்டறை

படம் இருக்கட்டும் தம்பி, முதலில் கோளாறு. இது பின்பக்க எர்த், அதாவது பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் கறுப்பு வயர், விட்டுப்போன அடையாளம். டெயில் பல்பில் இரண்டு இழை, 21 வாட் பிரேக்குக்கு, 5 வாட் டெயிலுக்கு. இரண்டுக்கும் எர்த் ஒன்றுதான். அது அறுந்தால் பிரேக் இழை வழியாக வந்த கரண்ட் திரும்பப் பாதை தேடும். டெயில் இழைக்குள் ஏறி, நீல வயரில் பின்னோக்கிப் போய், அதே நீலத்தில் தொங்கும் மீட்டர் பல்பு வழியாக முன்பக்க எர்த்துக்கு இறங்கும். பின் இண்டிகேட்டர்களும் அதே கறுப்பு வயரில் இருப்பதால் அவற்றின் இழைகள் வழியாகவும் ஓடி முன் இண்டிகேட்டர்களுக்குப் போகிறது. ஆகவேதான் நான்கும் மினுங்குகின்றன. பல்பு மாற்றியோ, இண்டிகேட்டரை மினுக்கவைக்கும் ஃப்ளாஷரை மாற்றியோ பயனில்லை.

சோதிப்பது சுலபம். மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வையுங்கள். கறுப்பு முனை பேட்டரி மைனஸில், சிவப்பு முனை டெயில் பல்பின் பித்தளை உடம்பில். பிரேக்கை அழுத்தச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நலம். உங்களுக்குப் பல வோல்ட் காட்டும். பேட்டரி மைனஸிலிருந்து பல்பு உடம்புக்கு ஒரு தனி வயர் போட்டால் பிரேக் லைட் பளிச்சென்று எரிய வேண்டும்.

சரிசெய்யும்போது புல்லட் கனெக்டரை (வயர்கள் செருகிச் சேரும் உருளை முனை) மட்டும் சுரண்டிவிட்டு விடாதீர்கள். கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையும் மூட்டமும் சேர்ந்து செம்பில் பச்சைக் களிம்பு பிடிக்கும். அது உறைக்குள்ளேயே ஓர் அங்குலம், சில சமயம் இன்னும் உள்ளே ஏறியிருக்கும். பளபளக்கும் செம்பு தெரியும்வரை வெட்டிக்கொண்டே போங்கள். 0.75 சதுர மி.மீ. கறுப்பு வயர், வளைய முனை, சீட்டுக்கு அடியில் ஃபிரேமில் பெயிண்டைச் சுரண்டிய ஒரு போல்ட். இறுக்கிய பிறகு மேலே வாசலின். பின் மட்கார்டு மட்டும் எர்த் என்று நம்ப வேண்டாம், அதன் போல்ட்டுகள் துருப்பிடிப்பவை.

ஊட்டி வரைகோடு

படத்துக்கு இங்க்ஸ்கேப் போதும், இலவசம். ஜெராக்ஸை 300 டிபிஐயில் ஸ்கேன் செய்து கீழடுக்கில் வைத்து, ஒளிபுகாமையை (opacity) 40 சதவீதமாக்கி, அடுக்கைப் பூட்டுங்கள். தானாகக் கோடு பிடிக்கும் வசதியை நம்ப வேண்டாம். இரண்டு வயர் வெறுமனே குறுக்கே போகும் இடத்தையும் சேரும் இடத்தையும் அது ஒன்றாக்கிவிடும். வயரிங் படத்தில் இதைவிடப் பெரிய பிழை இல்லை. கையால்தான் வரைய வேண்டும்.

தாள் ஏ3, அதாவது 420 x 297 மி.மீ. 5 மி.மீ. கட்டம் போட்டு, கோடுகள் கட்டத்தில் ஒட்டும்படி வையுங்கள். பேனா கருவியில் கிடைமட்டம், செங்குத்து மட்டும் வரையும் முறை இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுங்கள். வயர்க் கோடு 1.2 மி.மீ. தடிமன். வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்பு வயர்களுக்கு அடியில் 1.6 மி.மீ. கறுப்புக் கோடு ஒன்று போட்டால்தான் தாளில் தெரியும். இரட்டை நிறத்துக்கு முதன்மை நிறக் கோட்டை நகலெடுத்து, அதே இடத்தில் 0.4 மி.மீ. தடிமனில் பட்டை நிறம்.

சேருமிடத்தில் புள்ளி, சேராத குறுக்கில் புள்ளி இல்லை. நான்கு வயர் ஒரே புள்ளியில் சேர்வதுபோல் வரையாதீர்கள். இரண்டு டி வடிவமாகத் தள்ளிப் போடுங்கள். அப்போது அச்சில் புள்ளி மங்கினாலும் குழப்பம் வராது.

அடுக்குகளைச் சுற்றுவாரியாகப் பிரியுங்கள்: இக்னிஷன், சார்ஜிங், மேக்னட்டிலிருந்து (எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தருவது) வரும் ஏசி லைட்டிங், பேட்டரியிலிருந்து போகும் ஹாரன், பிரேக், இண்டிகேட்டர், கடைசியாக எர்த். வேண்டாததை மறைத்துவிட்டு ஒரு சுற்றை மட்டும் அச்செடுக்கலாம். எர்த் அடுக்கைச் சோம்பலில் விட்டுவிடுகிறார்கள், "எல்லாம் ஃபிரேம்தானே" என்று. உங்கள் பிரேக் கதையே அதற்குப் பதில்.

கூடலூர் மழைக்காடு

வரைவதற்கு முன் வண்டியில் அளந்து பட்டியல் எடுங்க. கையேடு கம்பெனியிலிருந்து வந்த வண்டிக்கு. உங்க வண்டி முப்பது வருஷம் கழிச்சு இருக்கிற வண்டி. இருப்பதைத்தான் வரையணும்.

மல்டிமீட்டரை பீப் முறையில் (வயர் தொடர்ந்திருந்தா கத்தும் முறை) வைத்து அளக்கும்போது பலரும் ஏமாறும் இடம் இது. பேட்டரி இரண்டு முனையும் கழற்றுங்க. அது போதாது. எல்லா பல்பையும் கழற்றணும். 10 வாட் இண்டிகேட்டர் பல்பு எரியும்போது 14 ஓம் இருக்கும், குளிர்ந்திருக்கும்போது அதில் பத்தில் ஒரு பங்குக்குப் பக்கம். பெரும்பாலான மீட்டர் 30 ஓமுக்குக் கீழே எதுவானாலும் கத்தும். பல்பு மாட்டியிருந்தா இண்டிகேட்டர் வயர் எல்லாம் எர்த்தோட சேர்ந்த மாதிரி காட்டும். மேக்னட் கப்ளரும் (பல வயரைச் சேர்க்கும் பிளக்) அப்படித்தான், லைட்டிங் காயில் சில ஓம் கூட இருக்காது, ஒரு முனை எர்த். அதையும் பிரிங்க. சிடிஐ (இக்னிஷன் பெட்டி), ரெக்டிஃபையர் (ஏசியை டிசியாக்குவது), ஃப்ளாஷர், ஹாரன் எல்லாம் கழற்றி, வெறும் வயரிங் மட்டும் மிஞ்சணும்.

பீப் கேட்டா வயர் இருக்குன்னு அர்த்தம், நல்லா இருக்குன்னு அர்த்தமில்லை. ஓர் இழை மிஞ்சியிருந்தாலும் கத்தும். 21 வாட் பல்பை வரிசையில் போட்டு 12 வோல்ட் கொடுங்க, கிட்டத்தட்ட 1.75 ஆம்பியர் ஓடும். களிம்பு பிடிச்ச வயர் அங்கே மாட்டிக்கும்.

கப்ளரைப் படத்தில் போடும்போது "வயர் நுழையும் பக்கத்திலிருந்து பார்த்தது" என்று எழுதிவிடுங்க. முன்பக்கம் பார்த்து வரைஞ்சா இடம் வலமாகும். கழற்றுமுன் இரண்டு பக்கமும் ஃபோட்டோ, பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள் வைத்து. டார்ச் வெளிச்சத்தில் பிரவுனும் சிவப்பும் ஒன்றாத்தான் விழும்.

கோத்தகிரி டூஸ்ட்ரோக்

நன்றி அண்ணா. பல்பு உடம்பில் 7 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. புது எர்த் போட்டதும் பிரேக் லைட் சரி, மீட்டர் லைட்டும் இண்டிகேட்டரும் அடங்கிவிட்டன.

இப்போது மூன்று சந்தேகம். கையேட்டில் நீலத்தைக் காணோம், எல் என்று ஓர் எழுத்து வருகிறது. வெயில் பட்ட வயர்கள் எல்லாம் ஒரே மண் நிறம், எது எதுவென்று தெரியவில்லை. பேட்டரியிலிருந்து ஹாரனுக்கு யாரோ முழு நீளமும் சிவப்பு வயர் இழுத்திருக்கிறார்கள், அதை எந்த நிறத்தில் வரைவது?

குன்னூர் பட்டறை

எல் தான் நீலம். பி கறுப்புக்குப் போய்விட்டதால் ப்ளூவின் இரண்டாம் எழுத்து. பிஆர் பிரவுன், சிஎச் சாக்லேட், டிஜி கரும்பச்சை, எஸ்பி வான்நீலம். யமஹாவின் வழக்கமான ஒழுங்கு: சிவப்பு நேராகப் பேட்டரி, பிரவுன் சாவிக்குப் பிறகு வரும் பிளஸ், கறுப்பு எர்த். சாக்லேட் இடது இண்டிகேட்டர், கரும்பச்சை வலது, பிரவுனில் வெள்ளைப் பட்டை ஃப்ளாஷரிலிருந்து சுவிட்சுக்கு. இளஞ்சிவப்பு ஹாரன். நீலம் டெயிலும் மீட்டரும். ஹெட்லைட்டில் மஞ்சள் ஹை, பச்சை லோ. பிரேக் லைட்டுக்கும் மஞ்சள்தான், ஆனால் அது வேறு சுற்று, வண்டியின் பின்பாதி. படத்தில் இரண்டு மஞ்சளையும் சேர்த்துவிடாதீர்கள். கறுப்பில் வெள்ளைப் பட்டை இக்னிஷனை நிறுத்துவது, சாவி ஆஃப் ஆனால் எர்த்தோடு சேரும். ஆஃப் செய்தும் எஞ்சின் நிற்காவிட்டால் அதைத்தான் தேட வேண்டும்.

மங்கிய வயருக்குக் கப்ளர் ரப்பரையும் டேப்பையும் ஓர் அங்குலம் விலக்குங்கள். வெயில் படாத அந்த இடத்தில் பழைய நிறம் இருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். தின்னர் வேண்டாம், உறையையே கரைக்கும்.

ஊட்டி வரைகோடு

ஹாரன் வயர் சிவப்பாக இருந்தால் சிவப்பாகவே போடுங்கள். நிறம் மாறும் புள்ளியில் குறுக்கே ஒரு சிறு வெட்டுக்கோடு, பக்கத்தில் "ஒட்டு, டேங்குக்கு அடியில்" என்பதுபோல இடம். ஆனால் பேட்டரியிலிருந்து நேராக வருகிறது என்றால் ஃபியூஸுக்கு முன்னாலா பின்னாலா என்று முதலில் பாருங்கள். முன்னால் என்றால் படம் வரைவதற்கு முன் அதைப் பிடுங்கி ஃபியூஸுக்குப் பின் மாற்றுங்கள்.

நிறத்தில் உண்மையாக இருக்க முயலாதீர்கள், வேறுபாடு தெரிந்தால் போதும். கரும்பச்சை அச்சில் கறுப்பாகிவிடும், சாக்லேட்டும் அப்படியே. நான் சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் கொடுக்கும் எண்கள்: பிரவுன் 165, 95, 40. சாக்லேட் 90, 45, 25. பச்சை 60, 190, 80. கரும்பச்சை 0, 100, 60. நீலம் 20, 60, 200. வான்நீலம் 120, 200, 245. முழுப்படம் போடுமுன் எல்லா வயர் நிறங்களின் கோடுகளை மட்டும் ஒரு தாளில் அச்செடுத்து, மூட்டமான நாளில் வெளியே நின்று பாருங்கள். நிறக் குறியெழுத்து ஒவ்வொரு வயரின் இரு முனையிலும் கட்டாயம். நிறக்குருடு உள்ளவருக்கும் ஜெராக்ஸ் எடுப்பவருக்கும் அதுதான் கை கொடுக்கும்.

கூடலூர் மழைக்காடு

பட்டை விஷயத்தில் எனக்கு மாற்றுக் கருத்து. நடுவில் தொடர் கோடு போட்டா, கறுப்பு ஓரம் உள்ள வயரோட குழம்புது. பட்டையைத் தொடர்ச்சியாப் போடாம, 3 மி.மீ. துண்டு, 3 மி.மீ. இடைவெளி எனப் போட்டா எது முதன்மை எது பட்டைன்னு தூரத்திலிருந்தே தெரியும்.

ஊட்டி வரைகோடு

வளைவில் துண்டு பாதியில் வெட்டுப்படும், அதுதான் என் தயக்கம். நீளக் கோடுகளுக்கு உங்கள் முறை நல்லது. ஏ3க்குப் பதில் ஏ4இல் சுருக்கினால் 0.4 மி.மீ. கோடு எப்படியும் காணாமல் போகும், அப்போதும் துண்டுதான் சரி.

கோத்தகிரி டூஸ்ட்ரோக்

ஹாரன் வயர் ஃபியூஸுக்கு முன்னால்தான் இருந்தது, மாற்றிவிட்டேன். துண்டு முறையிலேயே போடுகிறேன். அச்சு எங்கே, எதில்?

குன்னூர் பட்டறை

லேசர் பிரிண்ட். இங்க்ஜெட் வேண்டாம், ஈரக் கை பட்டால் மஞ்சளும் சிவப்பும் ஓடிவிடும். ஏ3 கலர் லேசர் இங்கே எல்லாக் கடையிலும் இல்லை, மேட்டுப்பாளையமோ கோவையோ இறங்கும்போது பிடிஎஃப் கோப்பாகக் கொண்டுபோங்கள். எழுத்துருவைப் பாதையாக மாற்றிவிட்டுப் பிடிஎஃப் எடுங்கள், இல்லையேல் கடைக் கணினியில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக வரும். லேமினேஷன் 125 மைக்ரான், தாளைச் சுற்றி 5 மி.மீ. பிளாஸ்டிக் ஓரம் விடச் சொல்லுங்கள். ஓரத்தைத் தாளோடு ஒட்ட வெட்டினால் மூட்டம் அந்த வழியாகவே உள்ளே ஏறும். மடிக்காமல் சுருட்டி வையுங்கள். அடுத்த ஒட்டு போடும்போது மேலேயே மார்க்கரால் எழுதி, தேதியும் போடுங்கள்.