பட்டாசல் (ஹால்) சுவிட்சில் ஷாக், தினமும் காலையில் டிரிப் விழுகிறது: அவசர உதவி

பெருமாள்புரத்தான் (காலை 7.12)
அண்ணாச்சிமாரே, அவசரம். பட்டாசலில் பேன் சுவிட்சைப் போடப்போன அம்மாவுக்கு ஷாக் அடித்துவிட்டது. விரல் நுனியில் சுருக்கென்று இழுத்திருக்கிறது, நல்லவேளை வேறொன்றும் இல்லை. மூன்று நாளாகக் காலையில் டிரிப் விழுகிறது. மத்தியானம் தூக்கிவிட்டால் நிற்கிறது. மேலே பாத்ரூம், சீலிங்கில் ஈரம். எலக்ட்ரீசியன் நாளைக்குத்தான் வருவாராம். என்ன செய்ய?

மேலப்பாளையம்காரன் (7.20)
கீசர்தான். உள்ளே காயில் வெடித்து தண்ணீரில் கரண்ட் இறங்கும். எங்கள் வீட்டிலும் இப்படித்தான் ஆனது. கீசர் வாங்கி எத்தனை வருடம்?

தச்சநல்லூர் வயர்மேன் (7.26)
தம்பி, முதலில் மெயினை இறக்குங்கள். கை காய்ந்திருக்க வேண்டும், காலில் ரப்பர் செருப்பு இருக்க வேண்டும். மெயின் பெட்டியே நனைந்திருந்தால் தொடவே வேண்டாம், மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். அம்மாவை அந்தச் சுவர்ப் பக்கமே விடாதீர்கள்.
அப்புறம் இதற்குப் பதில் சொல்லுங்கள். விழுவது எது? ஒவ்வொரு லைனுக்கும் இருக்கும் சின்ன எம்சிபியா, வீட்டுக்கே பொதுவாக டெஸ்ட் பட்டன் வைத்த பெரியதா (ஆர்சிசிபி)? ஈரம் சீலிங்கில் எந்த இடத்தில்? பேன் கொக்கிப் பக்கமா, சுவர் ஓரமா? வீடு எப்போது கட்டியது?

நதிக்கரை (7.41)
இந்தக் கேள்விக்கு இங்கே பலமுறை பதில் எழுதியிருக்கிறேன். தேடிப் பார்த்துவிட்டுக் கேட்டால் எல்லோருக்கும் நேரம் மிச்சம். ‘டிரிப் விழுகிறது’ என்று மட்டும் எழுதினால் அதை வைத்து ஒருவரும் ஒன்றும் சொல்ல முடியாது. என்னைக் கேட்டால் பாத்ரூம் காரணமே இல்லை. ஐப்பசி மழை தட்டட்டியில் (மொட்டை மாடியில்) தேங்கி, கைப்பிடிச் சுவர் ஓரமாக இறங்குகிறது. மேலே தட்டு ஓடு பதித்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள்.

ஜங்ஷன் மணி (7.48)
அவசரத்துக்கு அந்தப் பெரிய டிரிப்பை விட்டு வயரை டைரக்டாகக் கொடுக்கச் சொல்லுங்கள். எங்கள் தெருவில் ஒருவர் இரண்டே நிமிடத்தில் செய்து கொடுத்தார், ஒரு வருடமாக ஒன்றும் இல்லை.

தச்சநல்லூர் வயர்மேன் (7.53)
ஜங்ஷன் மணி, கோபிக்காதீர்கள், இதைச் செய்யவே கூடாது. போன கரண்டும் திரும்பி வந்த கரண்டும் பொருந்தாதபோது அறுத்துவிடுவதுதான் ஆர்சிசிபியின் வேலை. வீட்டுக்கு வைப்பது 30 மில்லி ஆம்பியர் வித்தியாசத்துக்கே விழுவது. 16 ஆம்பியர் எம்சிபி அந்த அளவைத் தாண்டினால்தான் விழும், ஆள் சாவதற்கு அதில் நூறில் ஒரு பங்கு போதும். அவர் அம்மா சுருக்கென்ற இழுப்போடு தப்பித்திருப்பது அந்தப் பெரிய டிரிப் இருந்ததால்தான் என்று நினைக்கிறேன். உங்கள் வீட்டிலும் இன்றைக்கே அதைத் திரும்ப மாட்டிவிடுங்கள்.

பெருமாள்புரத்தான் (8.05)
மெயினை இறக்கிவிட்டேன். போனில் சார்ஜ் குறைவு, சுருக்கமாக எழுதுகிறேன். விழுவது டெஸ்ட் பட்டன் உள்ளது. ஈரம் பேன் கொக்கியைச் சுற்றி வட்டமாக, ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம். சுவிட்ச் போர்டுக்கு அடியிலும் சுண்ணாம்பு உப்பியிருக்கிறது. 2014இல் கட்டிய வீடு. கீசர் கீழ் பாத்ரூமில், ஒரு வாரமாகப் போடவில்லை. மூன்று நாளாக மழையும் இல்லை.
ஒன்று குழப்பமாக இருக்கிறது. நேற்று பட்டாசல் எம்சிபியை மட்டும் இறக்கிப் பார்த்தேன், அப்படியும் டிரிப் விழுந்தது. அப்படியானால் பட்டாசல் லைனில் கோளாறு இல்லை என்றுதானே அர்த்தம்?

தச்சநல்லூர் வயர்மேன் (8.19)
இல்லை தம்பி. நிறையப் பேர் ஏமாறும் இடம் இதுதான். சிங்கிள் போல் எம்சிபி பேஸை மட்டும்தான் அறுக்கும். நியூட்ரல் மற்ற அறை நியூட்ரலோடு சேர்ந்தேதான் கிடக்கும். நனைந்த பெட்டிக்குள் நியூட்ரல் எர்த்தைத் தொட்டால், அடுக்களையில் பிரிட்ஜ் ஓடும் கரண்டில் ஒரு பங்கு அந்த வழியாகப் போய்விடும். கணக்குத் தப்பும், டிரிப் விழும். பட்டாசல் லைனின் பேஸ், நியூட்ரல் இரண்டையும் டிபியில் (எம்சிபி எல்லாம் இருக்கும் பெட்டியில்) கழற்றி டேப் சுற்றிவிட்டு மற்ற அறைகளை ஓட்டிப் பார்க்க வேண்டும். அதை எலக்ட்ரீசியன் செய்யட்டும், நீங்கள் கை வைக்க வேண்டாம்.
உங்கள் போர்டுக்குத் தண்ணீர் வந்த வழியும் தெரிகிறது. கான்கிரீட்டுக்குள் பதித்த பைப் கொக்கிப் பெட்டியிலிருந்து சுவர் வழியாக போர்டுக்கு இறங்கும். மேலே கசிகிற தண்ணீருக்கு அதுதான் வாய்க்கால்.

கொக்கிரகுளம் அக்கா (8.34)
தம்பி, 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. வடிந்து ஒரு வாரம் கழித்து எல்லாம் காய்ந்துவிட்டது என்று நினைத்து லைட்டைப் போட்டோம். இரண்டு நாள் எரிந்தது. மூன்றாம் நாள் பிரிட்ஜ் கைப்பிடியில் ஷாக். போர்டைத் திறந்து வயரை உருவினால், பைப் வளைவில் தேங்கியிருந்த தண்ணீர் செம்மண் கலங்கலாக அரைக் குவளை வந்தது. சுவிட்ச் திருகாணியெல்லாம் பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தது. வெளியே சுவர் காய்ந்துவிட்டது என்று நம்பாதே. வயரை உருவி, களிம்பேறிய சுவிட்சை மாற்றிவிடு. அம்மாவை ஒருதடவை டாக்டரிடமும் காட்டிவிடு, மனசுக்கு நிம்மதியாக இருக்கும்.

அம்பை கொத்தனார் (8.50)
2014 வீடு என்றால் எம் சாண்ட் (கல்லை உடைத்து எடுக்கும் மணல்) போட்டிருப்பார்கள். தாமிரபரணி மணலில் கட்டிய பழைய வீடு எதுவும் இப்படி ஒழுகாது.

நதிக்கரை (8.58)
மணலைக் குறை சொல்வது தவறு. நன்றாகக் கழுவிச் சலித்த எம் சாண்ட் கான்கிரீட்டுக்குப் போதும். ஆற்றை அள்ளி அள்ளித்தான் உறைகிணறெல்லாம் வற்றியது. தண்ணீர் விட்டு ஒழுங்காக க்யூரிங் செய்யாத ஸ்லாப் எந்த மணலில் போட்டாலும் ஒழுகும்.

அம்பை கொத்தனார் (9.07)
ஆற்றை அள்ளச் சொல்லவில்லை அண்ணாச்சி, எனக்கும் அது வயிற்றெரிச்சல்தான். ஆனால் முப்பது வருடமாகப் பூசுகிற கைக்குத் தெரியும். தூசி கலந்த எம் சாண்டில் பூச்சு காயும்போதே மயிரிழையாக வெடிக்கிறது. அதைக் கழுவித் தருகிறவன் எத்தனை பேர்?

மேலப்பாளையம்காரன் (9.10)
அதற்கு சப்ளை செய்கிறவனைக் கேட்க வேண்டும், மணலை அல்ல.

வி.கே.புரம் பிளம்பர் (9.22)
மணலை அப்புறம் பார்க்கலாம். காலையில் மட்டும்தான் விழுகிறது என்கிறார், அதை யாரும் கவனிக்கவில்லையே. டேங்கிலிருந்து வருகிற பைப்பில் எப்போதும் தண்ணீரின் அழுத்தம் இருக்கும். அதில் ஓட்டை என்றால் ராப்பகலாகச் சொட்டும். புழங்கும் நேரத்தில் மட்டும் கசிந்தால் கோளாறு கழிவுப் பக்கம். தரையில் தண்ணீர் வடியும் வாயான நஹானி ட்ராப், இல்லாவிட்டால் அதன் ஓரம்.
காலையில் மேலே குளிப்பது எத்தனை பேர்? வாஷிங் மெஷின் எங்கே இருக்கிறது?

பெருமாள்புரத்தான் (9.40)
மேலே நான் மட்டும்தான், இரண்டு வாளி. வாஷிங் மெஷினைப் போன வாரம் அடுக்களையிலிருந்து மேல் பாத்ரூமுக்கு மாற்றினோம். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று தோன்றவில்லை. ஐந்தரைக்குப் போடுவோம், ஆறரை வாக்கில் டிரிப் விழும்.

வி.கே.புரம் பிளம்பர் (9.47)
அதுதான் தம்பி. வாளித் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். மெஷின் மோட்டார் வைத்து ஒரே வீச்சில் தள்ளும். ட்ராப் அதை விழுங்க முடியாமல் கழுத்து வரை நிறைந்து, கல்லுக்கும் ட்ராப்புக்கும் நடுவில் இருக்கும் சந்தில் இறங்கிவிடும். தரைக்கு அடியில் குழியாக விட்டு நிரப்பியிருக்கிறார்களே, அந்த ஜல்லியில் ஊறி, இடம் கண்ட பக்கம் ஒழுகும்.
இன்றைக்கு மெஷினைப் போடாதீர்கள், அந்த பாத்ரூமிலும் புழங்காதீர்கள். ஈரம் கூடுகிறதா, நிற்கிறதா பாருங்கள். நின்றால், பட்டாசல் லைனைக் கழற்றிய பிறகு, ட்ராப் வாயைத் துணிப் பந்தால் அடைத்து இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி ஒரு நாள் விடுங்கள். தண்ணீர் குறைந்து கீழே ஈரம் வந்தால் தரையே கசிகிறது. குறையாவிட்டால், துணியை எடுத்து இரண்டு வாளியை ஒரே மூச்சில் கொட்டுங்கள். அப்போது ஈரம் வந்தால் ட்ராப். எது என்று தெரியாமல் கல்லைப் பெயர்க்க யாரையும் விடாதீர்கள்.

நதிக்கரை (10.02)
மழை இல்லை என்பதை முதலிலேயே எழுதியிருந்தால் நான் தட்டட்டியைச் சொல்லியிருக்க மாட்டேன். பிளம்பர் சொல்வது சரி.

ஜங்ஷன் மணி (10.15)
வயர்மேன் அண்ணாச்சி, இன்று சாயந்தரம் ஆள் வருகிறார், திரும்ப மாட்டிவிடுகிறேன். எந்த அளவு வாங்க?

தச்சநல்லூர் வயர்மேன் (10.21)
ரொம்ப சந்தோஷம். 30 மில்லி ஆம்பியர்தான். அது தாங்க வேண்டிய ஆம்பியரை உங்கள் மெயினைப் பார்த்து அவர் சொல்வார். மாட்டியதும் டெஸ்ட் பட்டனை அமுக்கி, விழுகிறதா என்று கண்ணால் பாருங்கள். மாதம் ஒருமுறை அமுக்குங்கள்.

கொக்கிரகுளம் அக்கா (மறுநாள், காலை 8.10)
தம்பி, என்ன ஆச்சு? அம்மா எப்படி இருக்கிறார்கள்?

பெருமாள்புரத்தான் (மூன்றாம் நாள், இரவு 9.30)
மன்னிக்கணும், அலைச்சல். ட்ராப்தான். கட்டிய தண்ணீர் குறையவில்லை, இரண்டு வாளியைக் கொட்டியதும் கால் மணி நேரத்தில் கொக்கி ஓரம் சொட்டியது. ட்ராப்பைச் சுற்றிச் சிமென்ட் ஒரு விரல் நுழையும் அளவு விட்டிருந்தது. நாளைக்கு மாற்றுகிறார்கள். மெஷின் அடுக்களைக்கே போய்விட்டது. போர்டில் மூன்று சுவிட்ச் பச்சைக் களிம்பு, மாற்றியாச்சு. பட்டாசல் லைன் இன்னும் கழற்றியே இருக்கிறது. அம்மாவை டாக்டரிடம் காட்டினோம், நன்றாக இருக்கிறார்கள். எல்லோருக்கும் நன்றி.

தச்சநல்லூர் வயர்மேன் (9.44)
நல்ல செய்தி. லைனைத் திரும்பக் கொடுக்கும் முன் 500 வோல்ட் மெகர் (வயரில் கசிவு இருக்கிறதா என்று அளக்கும் மீட்டர்) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் கொடுக்க வேண்டாம், இன்னும் காயட்டும். பழைய வயரையே போட்டாரா, புதிதாக இழுத்தாரா?

தச்சநல்லூர் வயர்மேன் (ஐந்தாம் நாள், காலை 7.05)
தம்பி, மெகர் பார்த்தீர்களா?