தேனிலவுக்கு ஒரே தீவா, மூன்று தீவுகளா?

புதுப்பயணி:
ஜூலை முதல் வாரம் எனக்குத் திருமணம். அது முடிந்த நான்காம் நாள் கிளம்பி 9 இரவுகள் வெளியே தங்குவதாக இருக்கிறோம். கையில் இரண்டு திட்டங்கள். ஒன்று, மாலத்தீவில் ஒரே ரிசார்ட், தண்ணீருக்கு மேல் நிற்கும் வில்லா, 9 இரவும் அங்கேயே. இன்னொன்று, செஷல்ஸில் மாஹே, பிராலின், லா டீக் என்று மூன்று தீவுகள், ஒவ்வொன்றிலும் மூன்று இரவு. அவளிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. விமான நிலையத்தில் போய் நின்ற பிறகுதான் எந்த ஊர் என்று தெரிய வேண்டும் என்று ஆசை. இருவரும் சேர்ந்து போகும் முதல் பயணம் இது. போய் வந்தவர்கள் எது நல்லது என்று சொல்லுங்கள்.

உப்புக்காற்று:
ஒரே தீவு. யோசிக்கவே வேண்டாம். கல்யாணம் முடிந்த உடம்பு எவ்வளவு களைத்திருக்கும் என்று உங்களுக்கு இப்போது தெரியாது. நாங்கள் போய் இறங்கிய அன்று மாலை ஆறு மணிக்குப் படுத்த என் மனைவி, மறுநாள் காலை ஐந்து மணிக்குத்தான் கண் விழித்தார். விழித்ததும் வாசல் பலகையில் உட்கார்ந்து, கீழே தண்ணீரில் குட்டிச் சுறா ஒன்று போவதைக் காட்டி என்னை எழுப்பினார். அந்த வாரம் முழுக்க எங்களுக்குக் கடிகாரமே தேவைப்படவில்லை. மூன்று தீவு என்றால் மூன்று முறை பெட்டி கட்ட வேண்டும், மூன்று முறை அறை காலி செய்ய வேண்டும், நடுவில் இரண்டு படகுப் பயணம். அது சுற்றுலா. தேனிலவு வேறு.

நடைவண்டி:
நான் அப்படியே எதிர்ப்பக்கம். மாலத்தீவில் பெரும்பாலும் ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட்தான். பல தீவுகளைக் கால் மணி நேரத்தில் சுற்றி நடந்துவிடலாம். நான்காம் நாள் சாப்பாட்டு நேரத்துக்காகக் காத்திருப்பது மட்டுமே வேலை என்று ஆகிவிடும். இப்போதுதான் ஒருவரையொருவர் தெரிந்துகொள்ளப் போகும் இருவருக்கு அது பெரிய சோதனை. சேர்ந்து செய்ய ஏதாவது இருந்தால்தான் பேச்சு தானாக வரும்.

லா டீக் தீவில் பெரும்பாலும் எல்லாரும் சைக்கிளில்தான் போவார்கள், மோட்டார் வண்டிகள் குறைவு. நாங்கள் இரண்டு சைக்கிள் எடுத்துக்கொண்டு கிராண்ட் ஆன்ஸ் கடற்கரைக்குப் போகும்போது நல்ல மழை பிடித்துக்கொண்டது. ஒரு பெரிய கருங்கல் பாறையின் அடியில் ஒதுங்கி அரை மணி நேரம் நின்றோம். என் துணையின் சைக்கிள் சங்கிலி கழன்றிருந்தது. அதை மாட்டிக்கொண்டே, தன் அப்பாவிடம் சைக்கிள் கற்ற கதையைச் சொன்னார். அவர் அப்பா காலமாகிவிட்டார் என்று தெரியும். ஆனால் அதுவரை தன் அப்பாவைப் பற்றி என்னிடம் பேசியதே இல்லை. மழை விட்டும் நாங்கள் கிளம்பவில்லை. எங்கள் தேனிலவில் எனக்கு இன்றும் நினைவில் நிற்பது அந்த அரை மணி நேரம்தான்.

உப்புக்காற்று:
அழகான நினைவு, மறுக்கவில்லை. ஆனால் அதற்கு மூன்று தீவு தேவைப்படவில்லையே. ஒரு சைக்கிளும் ஒரு மழையும்தானே தேவைப்பட்டது?

மணற்கடிகாரம்:
இரண்டு பேரும் தீவுகளின் எண்ணிக்கையைப் பற்றியே பேசுகிறீர்கள். அவர் சொன்ன மாதத்தைக் கவனியுங்கள், ஜூலை. முதலில் பார்க்க வேண்டியது காற்று எந்தத் திசையிலிருந்து அடிக்கிறது என்பதைத்தான்.

மாலத்தீவில் ஏறக்குறைய மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. மழை, மேகம், கொந்தளிக்கும் கடல் எல்லாம் அப்போதுதான். விளம்பரப் படங்களில் வரும் கண்ணாடி போன்ற தண்ணீர் பெரும்பாலும் ஜனவரி முதல் ஏப்ரல் வரைக்குமான காட்சி. ஜூலையில் நாள் முழுக்க மழை கொட்டும் என்று சொல்லவில்லை, நல்ல வெயில் நாட்களும் வரும். ஆனால் அந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள்.

செஷல்ஸில் அதே நேரம் தென்கிழக்குக் காற்று. மழை குறைவு, வெயிலும் இதமாக இருக்கும். ஆனால் கடல் நன்றாக ஆடும், தென்கிழக்கு பார்த்த கரைகளில் அலையும் கடற்பாசியும் வந்து சேரும். அதனால் அறை எந்தக் கரையில் என்று பார்த்துப் போடுங்கள். பிராலினில் வடமேற்கு பார்த்த ஆன்ஸ் லாசியோ, மாஹேயில் போ வாலோன் இரண்டும் ஜூலையில் அமைதியாக இருக்கும். நடைவண்டி சொன்ன கிராண்ட் ஆன்ஸ் அந்த மாதத்தில் பார்ப்பதற்கு மட்டும். நீரோட்டம் பலமாக இருக்கும், இறங்கவே கூடாது.

தீவுகளின் அழகை மட்டும் ஒப்பிட்டு மாதத்தை விட்டுவிடுவதுதான் எல்லாரும் செய்யும் தப்பு. தாய்லாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நாடு, ஆனால் புக்கெட், கிராபி பக்கம் மே முதல் அக்டோபர் வரை மழை. மறுபக்கத்துக் கோ சமுயிக்குப் பெருமழை அக்டோபருக்கு மேல்தான். மொரிஷியஸில் ஜூலை குளிர்காலம், புயல்கள் வருவது ஆண்டின் தொடக்க மாதங்களில். பாலி, ஃபிஜி, போரா போரா மூன்றுக்கும் ஜூலை வறண்ட காலம். கரீபியனில் ஜூன் முதல் நவம்பர் வரை சூறாவளிக் காலம்.

நடைவண்டி:
கிராண்ட் ஆன்ஸ் பற்றிச் சொன்னது சரி. நாங்கள் போனது ஏப்ரலில். திருத்தத்துக்கு நன்றி.

ஈரமணல்:
மழைக்காலம் என்று மாலத்தீவை ஒதுக்குவது நியாயமில்லை. பா அட்டோலில் (அட்டோல் என்றால் வளையம்போல் அமைந்த பவளத் தீவுக்கூட்டம்) ஹனிஃபாரு என்ற விரிகுடா இருக்கிறது. 2011-இல் யுனெஸ்கோ அந்த அட்டோலை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. மாண்டா திருக்கைகள் அங்கே கூட்டமாக வருவது சரியாக இந்தத் தென்மேற்குக் காற்றுக் காலத்தில்தான். காற்றும் நீரோட்டமும் மிதவை உயிர்களை அந்தச் சிறு விரிகுடாவுக்குள் கொண்டுவந்து குவிக்கின்றன, அவற்றைத் தின்னத் திருக்கைகள் வருகின்றன. ஆழ்கடல் முக்குளிப்புக்கு அங்கே அனுமதி இல்லை, மேலே மிதந்து பார்க்கலாம். வாயை அகலத் திறந்தபடி என் மார்புக்கு ஒரு கை தூரத்தில் ஒன்று திரும்பிப் போனது. என் கணவர் தண்ணீருக்குள்ளேயே என் கையைப் பிடித்துக்கொண்டார், படகில் ஏறிய பிறகும் விடவில்லை. வானம் அன்று முழுக்கச் சாம்பல் நிறம். அதை யார் பார்த்தார்கள்?

அப்புறம், சீபிளேனில், அதாவது தண்ணீரில் இறங்கும் சிறு விமானத்தில், போக வேண்டிய ரிசார்ட் என்றால் உங்கள் விமானம் எத்தனை மணிக்கு இறங்குகிறது என்று பாருங்கள். சீபிளேன் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். எங்கள் விமானம் தாமதமாகி மாலையில் இறங்கியது. ரிசார்ட்டில் முதல் இரவுக்குக் கட்டிய பணம் போனது போனதுதான். பயண ஏற்பாட்டாளரும் கையை விரித்துவிட்டார். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஜன்னல் இல்லாத அறையில் படுத்திருந்தோம். நான் அழுதுவிட்டேன். மாலைக்கு மேல் இறங்குகிறீர்கள் என்றால், ஸ்பீட்போட்டில் போய்ச் சேரும் வடக்கு மாலே அட்டோல் ரிசார்ட்டுகளைப் பாருங்கள். அவற்றுக்குப் பெரும்பாலும் இரவிலும் படகு உண்டு.

துடுப்பு:
கடல் விளையாட்டு சொல்லிக்கொடுப்பது என் தொழில். புதுமணத் தம்பதிகள் நிறைய பேரைப் பார்க்கிறேன். இங்கே ஒருவரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு நீச்சல் தெரியுமா? சில தண்ணீர் வில்லாக்களில் படி இறங்கினால் காலுக்கு அடியில் தரை இருக்காது. பயம் உள்ளவர்களுக்கு இரவில் தரைப் பலகைக்குக் கீழே தண்ணீர் அடிக்கும் சத்தத்திலேயே தூக்கம் போய்விடும். நடு இரவில் கரை அறைக்கு மாற்றச் சொல்லி அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். அழகான பரிசு என்று நினைத்துச் செய்ததுதான், ஆனால் யாருக்கு அந்தப் பரிசோ அவரை யாரும் கேட்கவில்லை.

முதல் நாள் ஸ்நார்கெலிங், அதாவது மூச்சுக்குழாயோடு மிதந்து கடலடியைப் பார்க்க, போகிறவர்கள் முழுக்கைச் சட்டையோடு இறங்குங்கள். குப்புற மிதக்கும்போது தண்ணீர் குளிர்ச்சியாக இருப்பதால் முதுகு வேகுவது தெரியாது. நிலநடுக்கோட்டுக்கு அருகே நடுப்பகல் வெயில் ஒரு மணி நேரத்தில் தோலை உரித்துவிடும். மீதி நாட்களைக் குப்புறப் படுத்துக் கழித்த மாப்பிள்ளைகள் பல பேர். ஸ்கூபா (காற்று உருளையோடு முக்குளிப்பது) செய்தால் கடைசி முக்குளிப்புக்கும் விமானத்துக்கும் இடையே 18 மணி நேரமாவது விடுங்கள்.

உப்புக்காற்று:
கேட்டுவிட்டுச் செய்தால் அது ஆச்சரியமாக இருக்காதே. ஒருவர் நமக்காக எல்லாவற்றையும் யோசித்து வைத்திருக்கிறார் என்பதே பெரிய சுகம். கல்யாணத்தில் நூறு முடிவு எடுத்துக் களைத்தவரிடம் நூற்று ஒன்றாவதையும் எடுக்கச் சொல்லாதீர்கள்.

ஈரமணல்:
இதில் உங்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. எந்த ஹோட்டல், எந்த நாள் என்பதையெல்லாம் அவர் ரகசியமாக வைத்துக்கொள்ளட்டும். தண்ணீர் பயமா, படகு ஏறினால் வாந்தி வருமா, மாதவிடாய் எந்த நாட்களில், ஏதாவது மருந்து சாப்பிடுகிறாரா, இதெல்லாம் ரகசியத்தில் சேராது. பாஸ்போர்ட்டில் உள்ள பெயர்தான் டிக்கெட்டில் இருக்க வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு பெயர் மாற்றப் போகிறாரா என்பதையும் அவர்தானே சொல்ல வேண்டும்? இன்னொன்று, சீக்கிரமே குழந்தை வேண்டும் என்று நினைத்தால் போகும் நாட்டில் கருவைப் பாதிக்கக்கூடிய ஜிகா வைரஸ் பரவுகிறதா என்று பாருங்கள். ஜிகா உள்ள இடத்துக்குப் போய்வந்தால் பெண் 2 மாதமும் ஆண் 3 மாதமும் பொறுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அதை உங்கள் மருத்துவரிடம் சேர்ந்து போய்க் கேளுங்கள். இருவரும் பேசி எடுக்க வேண்டிய முடிவு அது.

புதுப்பயணி:
நேற்று இரவு கேட்டுவிட்டேன். "கடல் பக்கம் போனால் உனக்கு எப்படி இருக்கும்?" என்று பொதுவாகத்தான் ஆரம்பித்தேன். அவளுக்கு நீச்சல் தெரியாதாம். சின்ன வயதில் குளத்தில் ஒரு முறை மூழ்கப் போனாளாம், எனக்கு இது தெரியவே தெரியாது. கடல் பிடிக்கும், ஆனால் காலுக்கு அடியில் மணல் இருக்க வேண்டும் என்றாள். தினமும் பெட்டி கட்டும் பயணம் வேண்டாம் என்றாள். நிறைய நடக்க வேண்டும் என்றும் சொன்னாள். தண்ணீர் வில்லாவுக்கு முன்பணம் கட்டப் போன நேரம் அது. துடுப்பு, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

நடைவண்டி:
அப்படியானால் லா டீக். பத்து சதுர கிலோமீட்டர்தான், எல்லாம் நடையிலும் சைக்கிளிலும் முடியும். ஆன்ஸ் சூர்ஸ் தர்ஜான் மேற்குக் கரையில் இருக்கிறது, முன்னால் பவளத்திட்டு அலையைத் தடுப்பதால் பல இடங்களில் இடுப்பளவுத் தண்ணீர்தான். நீச்சல் தெரியாதவருக்கு ஏற்ற இடம். உள்ளே ஒரு சிறு காட்டில் நீளமான கருவால் கொண்ட ஈப்பிடிப்பான் என்ற பறவை இருக்கிறது. உலகத்தில் அதற்கு முக்கியமான வீடே இந்தத் தீவுதான். காலையில் சத்தம் போடாமல் உட்கார்ந்தால் தலைக்கு மேலேயே வரும். ஒரு நாள் பிராலினுக்குப் போய் வாலே த மே காட்டைப் பாருங்கள், படகில் கால் மணி நேரம்தான். இரட்டைத் தேங்காய் மரங்கள் அங்கேதான், ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஒரு காய் முற்ற ஆறேழு வருடம் ஆகும்.

உப்புக்காற்று:
பார்த்தீர்களா, ஒரே தீவில்தான் வந்து நிற்கிறீர்கள்! ஆனால் மாலத்தீவிலும் மணல் மேல் கட்டிய வில்லாக்கள் உண்டு. வாசலில் இறங்கினால் கணுக்கால் அளவுத் தண்ணீர். அதை ஏன் யாரும் சொல்லவில்லை? களைத்தவருக்கு அது இன்னும் நல்லது என்றுதான் இப்போதும் சொல்வேன்.

நடைவண்டி:
அவர் நடக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். அதே மணலை 9 நாளும் சுற்றிச் சுற்றி நடப்பதா?

மணற்கடிகாரம்:
லா டீக்குக்கு விமானம் கிடையாது. மாஹேயிலிருந்து பிராலின் வரை கப்பலில் ஒரு மணி நேரம், ஜூலையில் அது நன்றாக ஆட்டும். வாந்தி மாத்திரையை ஏறுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள், கீழ்த்தளத்தில் பின்பக்க இருக்கையாகப் பாருங்கள். அது ஒத்துவராது என்றால் பிராலின் வரை சிறு விமானத்தில் போய்விட்டு, அங்கிருந்து மட்டும் படகு எடுங்கள். கடைசி நாளில் கப்பலையும் வெளிநாட்டு விமானத்தையும் ஒன்றாக வைக்காதீர்கள். கடல் மோசமானால் கப்பல் நின்றுவிடும்.

புதுப்பயணி:
சரி, இப்படிப் போட்டிருக்கிறேன். பிராலின் வரை விமானம். லா டீக்கில் 8 இரவு, மேற்குக் கரையில் தரைத்தள அறை. கடைசி ஒரு இரவு மாஹே. எந்தத் தீவு என்று அவளிடம் இன்னும் சொல்லவில்லை. நடக்க நல்ல செருப்பு வாங்கிக்கொள் என்று மட்டும் சொன்னேன்.

துடுப்பு:
பிடிமானமுள்ள செருப்பாக வாங்கச் சொல்லுங்கள், கருங்கல் பாறை ஈரத்தில் வழுக்கும். உங்களுக்கு நீச்சல் தெரியும் என்றால், இடுப்பளவுத் தண்ணீரில் அவரை மல்லாந்து படுக்கவைத்து, முதுகுக்குக் கீழே இரண்டு உள்ளங்கைகளையும் கொடுங்கள். காதுவரை தண்ணீர் வரும், பயப்பட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவராக விடச் சொல்லும்வரை கையை எடுக்காதீர்கள்.