மேனுவல் காரில் பெட்ரோல் மிச்சம்: டர்பன் மேடுகளும் வான் ரீனன் இறக்கமும்

இறக்கத்தில் நியூட்ரல் போட்டால் பெட்ரோல் மிச்சமா இல்லையா என்று இந்த இணைய மன்றத்தில் நடக்கிற வாதத்தைப் படித்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். நான் இருப்பது தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம். வேலை விஷயமாக என்-3 நெடுஞ்சாலையில் ஜோகன்னஸ்பர்க்குக்கு அடிக்கடி போய்வருகிறவன். வண்டி போலோ விவோ, 1.4 பெட்ரோல், ஐந்து கியர். மேட்டுக்கும் இறக்கத்துக்கும் இந்தப் பாதையில் பஞ்சமே இல்லை, அதனால் இதைப் பற்றிப் புத்தகத்தைப் பார்க்காமலே பேசலாம்.

நியூட்ரலில் மிச்சம் கிடையாது. ஏன் என்று சொல்கிறேன். காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து முழுதாக எடுத்துவிட்டு, கிளட்ச்சைத் தொடாமல் கியரிலேயே விட்டீர்களானால், இன்ஜெக்‌ஷன் என்ற, கம்ப்யூட்டரே பெட்ரோலை அளந்து தெளிக்கும் முறை வந்த பிறகு செய்த கிட்டத்தட்ட எல்லா காரிலும் கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திவிடும். அப்போது சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது, உள்ளே ஒரு சொட்டு போவதில்லை. ஆர்.பி.எம். (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் கணக்கு) ஆயிரத்துச் சொச்சத்துக்கு இறங்கும்போதுதான் மறுபடி பெட்ரோல் திறக்கும். நியூட்ரலில் அப்படி இல்லை. எஞ்சினைச் சுற்றிவிட ஆள் இல்லாததால் அது அணைந்துபோகாமல் இருக்கவே பெட்ரோல் வேண்டும், சின்னக் காருக்கு மணிக்கு அரை லிட்டருக்கும் ஒரு லிட்டருக்கும் நடுவில் ஆகும். உங்கள் டாஷ்போர்டில் அந்த நிமிடச் செலவைக் காட்டும் திரை இருந்தால் அடுத்த இறக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைப் பார்க்கச் சொல்லுங்கள். காலை எடுத்துவிட்டு கியரில் இறங்கும்போது 0.0 என்று நிற்கும்.

அப்படியென்றால் நம் அப்பா காலத்து ஆட்கள் சொன்னது பொய்யா? பொய் இல்லை. கம்ப்யூட்டர் இல்லாமல் காற்றின் உறிஞ்சலிலேயே பெட்ரோலைக் கலந்துவிடும் கார்புரேட்டர் வண்டியில் கியரில் இறங்கினாலும் பெட்ரோல் உறிஞ்சப்பட்டுக்கொண்டே இருந்தது, அதனால் நியூட்ரலில் கொஞ்சம் மிச்சமானது. வண்டி மாறிவிட்டது, யோசனை மட்டும் அப்படியே தங்கிவிட்டது. இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்: மிக லேசான, நீண்ட சரிவில் கியரில் காலை எடுத்தால் வேகம் செத்துப்போய் மறுபடி மிதிக்க வேண்டிவரும், அந்த இடத்தில் மட்டும் கணக்குப்படி நியூட்ரல் ஒரு துளி ஜெயிக்கலாம். அந்த ஒரு துளிக்காக நான் கையைக் கியரில் வைக்க மாட்டேன். ஐந்தாவது கியரில் காலை மெல்ல வைத்துக்கொண்டு போனால் போதும்.

என்-3-இல் வரும் வான் ரீனன் மலைக் கணவாயில் நியூட்ரலில் இறங்குகிறேன் என்று ஒருவர் எழுதியிருப்பதைப் பார்த்து எனக்கு நிஜமாகவே வயிறு கலங்கியது. தயவுசெய்து வேண்டாம். ஹாரிஸ்மித்திலிருந்து டர்பன் இருக்கும் குவாசூலு-நட்டால் பக்கம் இறங்கும் அந்தச் சாலையில் கன லாரிகள் சிறு கியரில் ஊர்ந்துகொண்டிருக்கும், திடீரென்று மூடுபனி இறங்கும், முன்னால் போகிறவரின் பின்விளக்கு மட்டும்தான் தெரியும். நியூட்ரலில் வண்டியைப் பிடிப்பதற்கு பிரேக் ஒன்றுதான் இருக்கிறது, அதை விடாமல் அழுத்திக்கொண்டே இறங்கினால் சூடேறிப் பிடிப்பு குறையும். சட்டென்று விலகி ஓட வேண்டியிருந்தால் சக்கரத்துக்கு எஞ்சினின் இழுவையும் இருக்காது. டர்பன் பக்கத்து பைன்டவுனில் ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் 2013-இல் ஒரு லாரி கட்டுப்பாடில்லாமல் வந்து மினிபஸ் டாக்ஸிகள் மேல் மோதி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனதை இங்கே யாரும் மறக்கவில்லை. அது கனரக லாரி, நம்முடையது சின்னக் கார், சரிதான். ஆனால் மலை இறக்கம் எல்லா வண்டியையும் ஒரே திசையில்தான் இழுக்கிறது. நான் வான் ரீனனில் நான்காவது கியர், லாரிக் கூட்டம் அதிகமாக இருந்தால் மூன்றாவது. எஞ்சின் கொஞ்சம் சத்தம் போடும், போடட்டும். சத்தம் போட்டாலும் காலை எடுத்திருக்கும் வரை பெட்ரோல் செலவு இல்லை.

எனக்கு இதெல்லாம் பிடிபட்டது எங்கள் தெருவில் இருக்கும் ஒரு பெரியவரால். சாட்ஸ்வொர்த்திலிருந்து டர்பன் நகரத்துக்குப் பல வருஷம் பஸ் ஓட்டியவர். இங்கே பிறந்து வளர்ந்த தமிழர், பேச்சு முழுக்க ஆங்கிலம்தான், நடுநடுவே தமிழ் வந்து விழும். நான் அவரை அண்ணா என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். ஒருநாள் என் வண்டியில் ஏறி வார்விக் சந்தைக்கு வந்தார். வழியெல்லாம் அவர் பார்த்தது என் கால்களைத்தான்! "தம்பி, அந்த லைட் சிவப்பாக இருப்பது உனக்கு அங்கிருந்தே தெரிந்ததே, அப்புறம் ஏன் இவ்வளவு தூரம் மிதித்துக்கொண்டு வந்தாய்?" என்றார். அவருடைய பஸ்ஸில் காலைச் சந்தைக்குக் காய்கறிக் கூடையோடு போகும் பாட்டிகள் நின்றுகொண்டு வருவார்களாம். திடுமென்று பிரேக் போட்டால் கூடையும் பாட்டியும் முன்னால் வந்து விழும், அதனால் பிரேக்கே போடாமல் ஓட்டுவது எப்படி என்று கற்றுக்கொண்டேன் என்றார். முன்னால் போகும் வண்டியைப் பார்க்காதே, அதற்கு முன்னால் இருக்கும் வண்டியைப் பார், அதற்கும் முன்னால் என்ன நடக்கிறது என்று பார் என்பது அவர் பாடம்.

மேனுவல் வண்டியில் பெட்ரோல் மிச்சம் பிடிப்பது என்றால் என்னைப் பொறுத்தவரை முக்கால்வாசி இதுதான். ஒவ்வொரு முறை பிரேக் மிதிக்கும்போதும், காசு கொடுத்து வாங்கிய பெட்ரோலால் சேர்த்த வேகத்தைச் சூடாக்கிக் காற்றில் விடுகிறோம். ரோபோட் (இங்கே டிராஃபிக் லைட்டை இப்படித்தான் சொல்வோம்) சிவப்பாக இருக்கிறதா, தூரத்திலேயே காலை எடுத்துவிடுங்கள், வண்டி கியரிலேயே உருண்டு வரட்டும். நீங்கள் போய்ச் சேர்வதற்குள் பச்சை விழுந்தால் இரண்டாவது கியரிலோ மூன்றாவதிலோ அப்படியே எடுத்துப் போகலாம், நிற்கவே வேண்டியதில்லை. நின்ற வண்டியை முதல் கியரில் கிளப்புவதுதான் நகரத்தில் பெரிய செலவு. மினிபஸ் டாக்ஸி முன்னால் போனால் இன்னும் நிறைய இடம் விடுங்கள், அவர்கள் எங்கே நிற்பார்கள் என்பது ஓரத்தில் கை நீட்டுகிறவரைப் பார்த்தால் தெரிந்துவிடும். மின்வெட்டில் ரோபோட் அணைந்திருக்கும் நாளில் எல்லா முனையும் நான்கு பக்கமும் நின்று போகும் சந்திப்பாக ஆகிவிடும். வரிசையில் ஒவ்வொரு அடிக்கும் வண்டியைக் கிளப்பி நிறுத்தாமல் முன்னால் கொஞ்சம் இடம் சேரட்டும் என்று விட்டு, முதல் கியரில் மெதுவாக ஒரே ஓட்டமாக நகர்த்துவேன். பின்னால் ஹாரன் அடிப்பார்கள்தான். போய்ச் சேரும் நேரம் எல்லாருக்கும் ஒன்றே.

மேடு ஏறுவது வேறு கதை. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கைத் தாண்டி டவுன் ஹில் என்ற மேட்டில் ஏறும்போது மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தை விடக்கூடாது என்று ஐந்தாவது கியரில் ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு சேர்த்து மிதிப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். அப்படி முழுக்க மிதித்தால் பல எஞ்சின்கள் வழக்கமான கலவையைவிடக் கூடுதலாகப் பெட்ரோல் விடும். குறைந்த ஆர்.பி.எம்.மில் திணறினால் தட்டும் சத்தமும் வரும். மேடு தொடங்குவதற்கு முன்பே நான்காவதுக்கு வந்துவிடுங்கள், வேகம் 90-க்கு வந்தாலும் பரவாயில்லை, இடது பக்கமாக ஒரே சீராக ஏறுங்கள். சமதரையில் நேர்மாறு. 2,000 - 2,500 ஆர்.பி.எம்.முக்குள் மேல் கியருக்கு மாறிக்கொண்டே போகலாம், எஞ்சின் நடுங்காமல் இழுக்கிறதா என்பதுதான் கணக்கு. கிளட்ச்சை மேட்டில் பாதி பிடித்தபடி வண்டியை நிறுத்தி வைக்காதீர்கள், கைப் பிரேக் இருக்கிறதே.

வேகம் பற்றிச் சண்டை போடுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியில் கூடும். 100-க்குப் பதில் 120-இல் போனால் வேகம் கூடுவது 20 சதவீதம், காற்று தள்ளுவது 44 சதவீதம். மூய் ரிவர் சுங்கச் சாவடிக்கும் துகேலா சாவடிக்கும் நடுவில் நான் 105, 110-இல்தான் இருப்பேன், என்னைத் தாண்டி விருட்டென்று போனவரை ஹாரிஸ்மித் பெட்ரோல் நிலையத்தில் வரிசையில் பார்ப்பதும் உண்டு.

ஜோகன்னஸ்பர்க் நண்பர் ஒருவர், டர்பனிலிருந்து அங்கே குடிபோனதும் கார் இழுக்கவில்லை, செலவும் கூடிவிட்டது, எஞ்சினில் என்ன கோளாறு என்று கேட்டிருந்தார். கோளாறாக இருக்க வாய்ப்புக் குறைவு. அந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேலே. காற்றின் அடர்த்தி ஆறில் ஒரு பங்கு குறைவு, டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி) இல்லாத எஞ்சினுக்கு அந்த அளவு வலுவும் குறையும். அதை ஈடுகட்ட ஒவ்வொரு கியரையும் நீட்டி இழுப்பதுதான் செலவைக் கூட்டும். ஆனால் ஒன்று, அதே மெல்லிய காற்று வண்டியைத் தடுப்பதும் குறைவு. சீரான வேகத்தில் ஓட்டினால் அங்கே செலவு கூட வேண்டிய அவசியமே இல்லை. அங்கே கிடைக்கும் 93 ஆக்டேன் (எஞ்சின் தட்டாமல் பெட்ரோல் தாங்கும் அளவு) பெட்ரோலைப் போடலாமா என்பதற்கு டேங்க் மூடியின் உள்பக்கமோ கையேட்டிலோ பாருங்கள். 93 போதும் என்று எழுதியிருக்கும் டர்போ இல்லாத வண்டிக்கு அந்த உயரத்தில் 95 போட்டு மைலேஜ் கூடும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

இதோடு சேர்ந்ததுதான் இன்னொரு குழப்பமும். டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் போகும்போது அதிகம் குடிக்கிறது, திரும்பும்போது குறைவாகக் குடிக்கிறது என்று சிலர் பெட்ரோல் நிலையத்தின் மேல் சந்தேகப்படுகிறார்கள். ஆட்களோடு சேர்த்து 1,200 கிலோ இருக்கும் வண்டியை 1,700 மீட்டர் உயரத்துக்குத் தூக்குகிறீர்கள். எஞ்சின் வீணாக்கும் வெப்பத்தையும் சேர்த்துப் பார்த்தால் அதற்கு மட்டுமே ஏறக்குறைய இரண்டு லிட்டர் ஆகும். போய்வந்த பிறகு மொத்தமாகக் கணக்குப் போடுங்கள், ஒரு பக்கத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். டேங்கை நிரப்பி, ஓடிய கிலோமீட்டரைக் குறித்து, மறுபடி நிரப்பிப் பார்க்கும் பழைய முறைதான் நம்பகமானது. என் வண்டி இப்படி ஓட்டினால் நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டருக்கு ஆறு லிட்டரைச் சுற்றித்தான் நிற்கிறது.

இங்கே பெட்ரோல் விலை மாறும் நாளான மாதத்தின் முதல் புதன்கிழமை விலை ஏறுகிறது என்றால் செவ்வாய் ராத்திரி வரிசையில் நிற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. லிட்டருக்கு 50 சென்ட் ஏறினாலும் 40 லிட்டர் டேங்கில் மிச்சமாவது 20 ராண்ட். அதற்காக எஞ்சினை ஓடவிட்டபடி வரிசையில் கிடப்பதில் பாதி போய்விடும். நிற்பதானால் எஞ்சினை அணைத்துவிட்டு நில்லுங்கள். பெட்ரோல் போடும் தம்பியிடமே டயர் காற்றையும் பார்க்கச் சொல்லுங்கள், அவர்கள் முகம் சுளிக்காமல் செய்வார்கள், கையில் ஏதாவது கொடுத்துவிடுங்கள். எவ்வளவு காற்றழுத்தம் (பார் என்ற அளவில்) வேண்டும் என்பது டிரைவர் கதவோரத்தில் ஒட்டியிருக்கும், ஆள் ஏற்றிய வண்டிக்கு வேறு அளவு இருக்கும். காவடிக்கு உம்கேனி ரோடு கோயிலுக்குக் குடும்பத்தோடு போகும்போது ஐந்து பேரும் பூஜைச் சாமானுமாக ஏற்றுகிறோமே, அன்றைக்கு அந்த இரண்டாவது அளவுதான். ஏசி? பிப்ரவரி டர்பன் புழுக்கத்தில் போடாமல் இருக்க முடியாது, போடுங்கள். ஊருக்குள் மெதுவாகப் போகும்போது கண்ணாடியை இறக்கிக்கொள்ளலாம், நெடுஞ்சாலையில் ஏற்றிவிடுங்கள். கூரை மேல் கேரியர் சும்மா இருந்தால் கழற்றிவிடுங்கள்.

எனக்குத் தெரிந்தது பெட்ரோல் வண்டி மட்டும்தான். டீசல் பக்கி (பின்னால் சரக்குத் தொட்டி உள்ள பிக்கப் வண்டி) வைத்துக்கொண்டு சரக்கோடு வான் ரீனன் இறங்குகிறவர்கள் எந்த கியரில், எவ்வளவு ஆர்.பி.எம்.மில் இறங்குகிறீர்கள் என்று எழுதுங்கள். என் மைத்துனர் போன மாதம்தான் ஒன்று வாங்கினார், அவருக்குச் சொல்ல வேண்டும்.